புதுப்பிப்பு: பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைக்கு ஊட்டும்போது வரும் இருமல்

உட்காரும் நிலை பற்றி முன்பு எழுதியிருந்தேன்: இடுப்பும் முழங்காலும் 90 டிகிரி, பாதத்துக்கு அடியில் பலகை, முகவாய் லேசாகக் கீழ்நோக்கி. அப்படி வைத்தும் ரசம் சாதத்துக்கு மட்டும் இருமல் வருகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

குற்றம் சாதத்தில் இல்லை, கலவையில். பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் ஓடிவிடும். ஒரே பதமாகக் குழைய மசியுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, மெல்ல நழுவி விழ வேண்டும். ஸ்பூனை நேர் எதிரே, வாய் மட்டத்தில் நீட்டி நாக்கில் லேசாக அழுத்துங்கள். உதடு மூடும்வரை பொறுங்கள். மேல்பல்லில் வழித்துவிடாதீர்கள், தலை பின்னால் சாய்ந்துவிடும். அண்ணாந்த நிலையில் உணவு மூச்சுக்குழலுக்குள் போவது எளிது.

ஊட்டியபின் 30 நிமிடமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். இருமலே வராமல், குரல் மட்டும் தொண்டையில் தண்ணீர் நின்றதுபோல் கேட்டாலும் தயவுசெய்து ஊட்டுவதை நிறுத்திவிடுங்கள். விழுங்கும் திறனை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்தபின் தொடரலாம்.