சின்னப் பள்ளியில் சேர்க்கலாமா? பணம், ஆசிரியர், தமிழ் வகுப்பு பற்றி ஒரு கேள்வி

சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று, அதாவது முதல் வகுப்பு. ஜூலையில் பதிவு தொடங்கிவிடும். எங்கள் புளோக்கிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று பெயர் பெற்ற பள்ளி, பள்ளியோடு முன்தொடர்பு இல்லாதவர்கள் பதியும் 2சி கட்டத்தில் இடம் போதாமல் வருடா வருடம் குலுக்கல் நடக்கும். மற்றது நடந்து போகிற தூரம்தான். நான் வேலைக்குப் போகிறேன், கணவருக்கு ஷிப்ட். மாமியாரே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்துவிடுவார். ஆனால் அங்கே பிள்ளைகள் குறைவு, தொடக்கநிலை ஒன்றில் மூன்றே வகுப்பு.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு கலங்கிக் கிடக்கிறது. பிள்ளைகள் குறைந்தால் கல்வி அமைச்சு தரும் பணமும் குறையுமாம், நல்ல ஆசிரியர்கள் நிற்க மாட்டார்களாம், கொஞ்ச நாளில் வேறு பள்ளியோடு இணைத்துவிடுவார்களாம். அங்கே தமிழ் எடுக்கும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றும் சொல்கிறார். வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம், பள்ளியிலும் அவளுக்குத் தமிழ் நன்றாக அமைய வேண்டும். இந்த மாதிரிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஈசூன் அப்பா:

என் மகன் இப்படியொரு பள்ளியில் தொடக்கநிலை நான்கு படிக்கிறான். பணம் குறைவு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. கணினி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, வகுப்பில் 26 பேர்தான். டீச்சருக்கு எல்லாப் பிள்ளையையும் தெரியும். குறை என்றால் சிசிஏதான், அதாவது விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கைகள். அவனுக்குக் காற்பந்து ஆசை, ஆனால் அணி சேர்க்க ஆள் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். உங்கள் மகளுக்கு எதிலாவது பிடித்தம் இருந்தால் அதை முன்னாடியே விசாரித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர்:

தங்கச்சி, பணக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்தந்த வட்டாரத்து வீட்டு வரியை நம்பிப் பள்ளிகள் நடக்கின்றன. வசதியானவர்கள் வாழும் இடத்துப் பள்ளிக்கு நிறையக் கிடைக்கும், மற்றதற்குக் கொஞ்சம்தான். இங்கே அந்த ஏற்பாடே கிடையாது. ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பது கல்வி அமைச்சு, சம்பளம் தருவதும் அமைச்சு. வசதியானவர்கள் வாழும் புக்கிட் தீமாவில் இருந்தாலும் ஈசூனில் இருந்தாலும் ஒரே சம்பள அட்டவணை. ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரசாங்கம் வருடத்துக்கு 10,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் செலவழிக்கிறது. குடிமக்களுக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை, மாதாமாதம் ஒரு சிறு இதரக் கட்டணம் மட்டும்தான். அப்புறம் பிள்ளையின் கல்விச் செலவுக்கான எடுசேவ் கணக்கில் வருடம் 230 வெள்ளி போடுகிறார்கள்.

தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையை வைத்து வரும் மானியங்களும் உண்டு, அதனால் உங்கள் அக்கா சொன்னது முழுக்கத் தப்பில்லை. சின்னப் பள்ளியின் மொத்தத் தொகை சின்னதுதான். பழைய மாணவர்களும் குலச் சங்கங்களும் அள்ளிக் கொடுக்கும் பள்ளிகளோடு அது போட்டி போட முடியாது. அந்த வித்தியாசம் பயிற்றுநர், வெளிப்பயணம், சிசிஏ இவற்றில் தெரியும். காற்பந்து அணிக்கு ஆள் சேராததும் அந்த வகைதான். வகுப்பறைப் பாடத்தில் அது தெரியாது. கணக்கும் ஆங்கிலமும் எந்தப் பள்ளியிலும் முறையாக நடக்கும். ஆங்கிலத்தில் பின்தங்கி வரும் தொடக்கநிலை ஒன்று, இரண்டு பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆதரவுத் திட்டம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது தமிழ் வகுப்பை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மூன்று வகுப்பு என்றீர்கள். தொடக்கநிலை ஒன்றில் வகுப்புக்கு 30 பேர், ஆக 90. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பு அதைத்தான் சொல்கிறது. அப்படியென்றால் ஏறக்குறைய எட்டுப் பிள்ளைகள். இந்தியர்களில் தமிழர் பாதிக்குச் சற்று மேல். இந்தி, பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி, உருது எடுப்பவர்களைக் கழித்தால் நாலைந்து பிள்ளைகள்தான் தமிழ் வகுப்புக்கு வருவார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் இது கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு வைக்க 1989இல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் நாம் தீவு முழுவதும் சீராகப் பரவிக் கிடக்கிறோம். எந்தப் பேட்டையும் ஒரே இனத்தின் பேட்டை ஆகவில்லை, அந்த நன்மையை நான் மனதார ஏற்கிறேன். அதற்கான விலையைத் தமிழ் வகுப்பு கொடுக்கிறது. எல்லாப் பள்ளியிலும் நமக்குக் கொஞ்சம் பிள்ளைகள், எந்தப் பள்ளியிலும் நிறைய இல்லை.

வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். தாய்மொழிப் பாடவேளைக்கு மணி அடித்ததும் சீனப் பிள்ளைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். நம் பிள்ளைகள் பை, தண்ணீர்ப் போத்தல், தமிழ்க் கோப்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாலாவது மாடி மூலையில் இருக்கும் தமிழ் அறைக்கு வருவார்கள். ஒருத்தன் கழிவறைக்குப் போய்விட்டு வருவான், ஒருத்தி கோப்பை மறந்துவிட்டு ஓடுவாள். உட்கார்ந்து வணக்கம் சொல்வதற்குள் பாடவேளையில் ஒரு பகுதி கரைந்துவிடும். ஒரே ஆசிரியர் காலையில் தொடக்கநிலை ஒன்றுக்கு உயிரெழுத்து, அடுத்த பாடவேளையில் தொடக்கநிலை ஆறுக்கு இறுதித் தேர்வுக் கட்டுரை, நடுவில் பேச்சுப் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தயார்ப்படுத்துவது என்று ஆறு மட்டத்தையும் சுமப்பார்.

அந்த ஆசிரியர் நல்லவராக அமைந்துவிட்டால் நாலு பிள்ளை உள்ள வகுப்பு பெரிய கொடுப்பினை. பாடவேளைக்குப் பத்து முறையாவது பிள்ளை வாய் திறந்து பேச வேண்டியிருக்கும். பின்வரிசையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. என் வகுப்பில் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு பையன் இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தவள் பாட்டியோடு தமிழில் வாயாடுகிறவள். வருடக் கடைசியில் அவன் அவளோடு தமிழிலேயே சண்டை பிடித்தான். முப்பது பேர் இருந்திருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

ஆனால் அந்த ஒருத்தர் மகப்பேற்று விடுப்பில் போனாலோ வேறு பள்ளிக்கு மாறினாலோ ஈடு கட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். சீனப் பாடத்துக்கு அதே பள்ளியில் இன்னும் பல பேர் இருப்பார்கள், பிரித்துக்கொள்வார்கள். தமிழுக்கு அது முடியாது. தமிழே தெரியாத மாற்று ஆசிரியர் வந்து பயிற்சித்தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சின்னப் பள்ளியில் நான் பயப்படுவது இதற்குத்தான்.

இணைப்பைப் பற்றி அக்கா சொன்னதையும் பேசிவிடலாம். 2023இல் நம் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.97 பிள்ளை என்று இறங்கிவிட்டது, பழைய பேட்டைகளில் பிள்ளைகளே இல்லை. 2019இல் தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு) உட்பட 28 பள்ளிகளை 14 ஆக இணைத்தார்கள். இனியும் நடக்கும். உங்கள் மகள் படிக்கும்போதே நடந்தால் பள்ளிப் பெயர் மாறும், சீருடை மாறலாம், நடக்கும் தூரமும் கூடலாம். ஆனால் தமிழ் வகுப்புக்கு அது நல்லதாகவே முடியும். அங்கே நாலு பிள்ளை, இங்கே ஐந்து பிள்ளை, சேர்ந்தால் ஒரு உருப்படியான வகுப்பு. இரண்டு தமிழாசிரியர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பாடம் திட்டமிடலாம், ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் பார்த்துக்கொள்வார். இணைப்பு என்ற வார்த்தையைக் கேட்டு ஒதுங்க வேண்டாம்.

பள்ளியின் திறந்த நாளுக்குப் போகும்போது முதல்வரை விட்டுவிட்டுத் தமிழ் அறையைத் தேடிப் போங்கள். இங்கே எத்தனை தமிழாசிரியர்கள், நிரந்தரமா ஒப்பந்தமா, தமிழ்ப் பாடம் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கிறதா, இரண்டு மட்டத்தைச் சேர்த்து உட்கார வைக்கிறார்களா என்று கேளுங்கள். சுவரில் பிள்ளைகள் கையால் எழுதி ஒட்டியது இருக்கிறதா, கடையில் வாங்கிய படம் மட்டும்தானா என்று பாருங்கள். பெயர் பெற்ற அந்தப் பள்ளியிலும் இதையே கேளுங்கள். மொத்தப் பிள்ளைகள் அதிகம் என்பதால் தமிழ்ப் பிள்ளைகளும் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

செங்காங் கமலா:

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. நான் உயர்நிலைப்பள்ளியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அங்கே சில பள்ளிகளில் தமிழே இருக்காது. சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் என்று 1979இல் ஆரம்பித்தவற்றில் தாய்மொழி என்றால் சீனம் மட்டும். மற்றவற்றிலும் எண்ணிக்கை போதவில்லை என்றால் பிள்ளை வெளியே போய்த்தான் படிக்க வேண்டும். என் மகள் பள்ளி முடிந்து பீட்டி சாலையில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போகிறாள். 1946இல் கடையநல்லூர்க்காரர்கள் தொடங்கிய தமிழ்ப்பள்ளியின் பெயரைத் தாங்கி நிற்கும் இடம் அது. அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. மகள் வீடு திரும்ப இருட்டிவிடும், களைத்துப் போய் வருவாள். ஆனால் பல பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து தமிழ் படிக்கும் வகுப்பை அவள் அங்கேதான் முதல் முறையாகப் பார்த்தாள். இப்போது தோழிகளோடு வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதுகிறாள்.

அங் மோ கியோ அம்மா:

டீச்சர், கமலா அக்கா, ஈசூன் அண்ணன், ரொம்ப நன்றி. சின்னப் பள்ளிக்கு இன்று தொலைபேசியில் பேசினேன். தமிழாசிரியர் ஒருவர்தானாம், நிரந்தரமாம், வந்து பல வருடம் ஆகிறதாம். தொடக்கநிலை ஒன்றில் இந்த வருடம் ஆறு பிள்ளைகள் தமிழ். பாடம் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கிறதாம். அவர் விடுப்பில் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. அதற்கு நான் என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர்:

பதிவுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டீர்கள், நல்லது. சேர்த்த பிறகு அந்த ஆறு வீட்டுப் பெற்றோரையும் கண்டுபிடித்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். விடுப்பு வருவது தெரிந்தால் உடனே எல்லோரும் சேர்ந்து முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தமிழ் தெரிந்த மாற்று ஆசிரியர் வேண்டும் என்று. தனியாக ஒரு அம்மா கேட்டால் பார்க்கிறோம் என்பார்கள், ஆறு வீடும் கேட்டால் ஆள் தேடுவார்கள். ஓய்வுபெற்ற எங்களில் பலர் ஒப்பந்தத்தில் வரத் தயாராகத்தான் இருக்கிறோம், பள்ளி கேட்க வேண்டும். பிறகு உங்கள் சம்பளத்திலிருந்து மசேநிதி (மத்திய சேமநிதி) வழியாக இந்தியச் சமூகத்துக்கான சுயஉதவிக் குழுவான சிண்டாவுக்கு மாதாமாதம் ஒரு தொகை போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவர்களுடைய துணைப்பாட வகுப்பு பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மாமியாரிடம் சொல்லுங்கள், பள்ளிக்கு நடக்கும் வழியில் பேத்தியோடு தமிழிலேயே பேசிக்கொண்டு போகட்டும்.