அம்புக்குறியை அழுத்தினால் பக்கமே ஓடிவிடும் செயலிகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

வைகைக்கரை:
விரலால் தள்ளித் தள்ளிப் போகும் மூன்று பக்கப் படிவம். ஆண்ட்ராய்டில் பக்கங்களை நகர்த்திக் காட்டும் வியூபேஜர் என்ற கூறால் செய்தது. பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் என்பதால் டேப்லெட்டுடன் புளூடூத் கீபோர்டு. முகவரியில் ஓர் எழுத்துப் பிழை. இடது அம்புக்குறியால் பின்னே போய்த் திருத்திவிட்டு, வலது அம்புக்குறியை அழுத்திப் பிடித்தபடி வரியின் முடிவுக்கு வந்தார். கர்சர் கடைசி எழுத்தைத் தாண்டியதுதான் தாமதம், திரை சரிந்து அடுத்த பக்கம் வந்தது. விரலை எடுப்பதற்குள் மூன்றாம் பக்கம். "எழுதியதெல்லாம் போய்விட்டதா?" என்றார். எதுவும் அழியவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் எந்தப் படிவத்தையும் தொடுவதில்லை, என்னைக் கூப்பிடுகிறார். முன்பெல்லாம் படிவங்களைத் தானே நிரப்பியவர் அவர்.

தறி:
எனக்கு டிவியில். ரிமோட்டில் வலது பொத்தானை அழுத்தினேன். பக்கம் நகரவில்லை, பொத்தானைச் சுற்றியிருந்த ஒளிக்கட்டம் மட்டும் மறைந்தது. எங்கே போனது என்று தெரியாமல் ஓகேயை அழுத்த, கணக்கிலிருந்தே வெளியேறிவிட்டது! பக்கத்துத் திரையை முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஃபோகஸ், அதாவது அடுத்த அழுத்தம் எதற்குப் போகும் என்ற தேர்வு, கண்ணுக்குத் தெரியாத 'வெளியேறு' பொத்தானில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பொன்னி:
திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டு ஒருமுறை சோதித்திருந்தால் இரண்டும் பிடிபட்டிருக்கும். நான் வேலை பார்த்த செயலியில் அப்படித்தான் செய்தோம்.

நுண்விசை:
பொன்னி சொல்வதை ஏற்க முடியாது. டாக்பேக்கின் பச்சைக் கட்டம் வேறு, கீபோர்டின் ஃபோகஸ் வேறு. முதலாவது சரியாக நடக்கும் திரையில் இரண்டாவது தொலைந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கீபோர்டை இணைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு நடந்ததன் காரணம் இது. வியூபேஜர் விசையை முதலில் உள்ளே இருக்கும் எழுத்துப் பெட்டிக்குத்தான் கொடுக்கிறது. கர்சர் நகர இடம் இருக்கும்வரை பெட்டி அதை எடுத்துக்கொள்ளும். இடம் தீர்ந்ததும், சில ஆண்ட்ராய்டு சாதனங்களில், "எனக்கு வேண்டாம்" என்று விட்டுவிடும். அந்தப் பக்கத்தில் வலப்புறம் வேறு எதுவும் இல்லையென்றால் வியூபேஜர் பக்கத்தைத் தள்ளிவிடும். செயலியில் படிவத்தை உருவாக்குகிறவர்கள் வரியின் இரு முனைகளிலும் இடது, வலது விசைகளைப் பெட்டியிலேயே தடுத்துவிட வேண்டும். பக்கம் மாற 'முந்தையது', 'அடுத்தது' என்று இரண்டு பொத்தான்கள் வைக்க வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு அவைதான் வழி. 2018இல் வந்த, இணையத்தை எல்லோரும் பயன்படுத்த வழிசெய்யும் நெறிமுறையான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1இன் 2.5.1ஆம் விதியும் தள்ளும் சைகைக்கு மாற்றாக எளிய தொடுதல் வேண்டும் என்கிறது. தறியின் டிவிச் செயலியில், நடப்பில் இல்லாத பக்கங்களின் உள்ளே ஃபோகஸ் நுழையாமல் அடைக்க வேண்டும். பக்கம் நகர்ந்து நின்ற பிறகே அங்கே ஃபோகஸ் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தால் விட்டுப்போன பெட்டியிலேயே நிற்க வேண்டும்.

வைகைக்கரை:
நுண்விசை, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அந்தச் செயலியை எழுதியவன் நானல்ல. அவர்கள் திருத்தும்வரை பெரியப்பா என்ன செய்வது?

நுண்விசை:
வலது அம்புக்குறிக்குப் பதில் 'எண்ட்' விசையை அழுத்தச் சொல்லுங்கள். கர்சர் வரியின் முடிவில் போய் நின்றுவிடும். எத்தனை முறை அழுத்தினாலும் பக்கம் நகராது. வரியின் தொடக்கத்துக்கு 'ஹோம்'. சிறிய கீபோர்டுகள் பலவற்றில் 'எஃப்என்' விசையோடு அம்புக்குறியை அழுத்தினால் இவை கிடைக்கும்.