ஹெட்லைட் கப்ளரில் பச்சைக் களிம்பு: கிரீஸ் வைக்கலாமா?

கேள்வி:
தூத்துக்குடியில் கடலை ஒட்டி ஓடுகிற பைக், பிஎஸ்6. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, மழை பெய்தால் விட்டுவிட்டு எரிகிறது. வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு. ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கிறது. பேரிங் கிரீஸ் தடவச் சொல்கிறார்கள். கிரீஸ் கரண்டைத் தடுக்காதா?

பதில் 1:
பேரிங் கிரீஸ் வேண்டாம் சார், அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெயில் சில வகை ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். டைஎலெக்ட்ரிக் சிலிக்கான் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் கரண்டைக் கடத்தாதுதான். ஆனால் பின் இறுக்கமாக நுழையும்போது உலோகம் தொடும் இடத்திலிருந்து கிரீஸ் ஒதுங்கிவிடும். சுற்றியுள்ள சந்தில் தங்கி உப்புக்காற்றை அண்டவிடாது. பின் தளர்ந்திருந்தால் எந்தக் கிரீஸும் காப்பாற்றாது.

இளகிய கப்ளரை, உள்ளே வயர் முனையிலிருக்கும் உலோக டெர்மினலோடு மாற்றியே ஆகவேண்டும். 12 வோல்ட் 35 வாட் பல்பு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். களிம்பால் 0.3 ஓம் தடை ஏறினாலே அந்த ஒரு பின்னில் 2.7 வாட் சூடு. அந்தச் சூட்டில் பெண் டெர்மினலின் (பின் நுழையும் பக்கம்) பிடிப்பும் போயிருக்கும். வயரை வெட்டும்போது செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை தள்ளி வெட்டுங்கள். கறுத்த செம்பில் டெர்மினலை நசுக்கிப் பொருத்தினால் (கிரிம்ப்) சீக்கிரமே மறுபடி சூடாகும்.

மற்ற கப்ளர்களுக்கு: முதலில் பேட்டரி நெகடிவ்வைக் கழற்றுங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து நைலான் பிரஷால் தேய்த்து, முழுதாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டால் தகர முலாம் போய்விடும். கிரீஸ் ஒரு பின்னுக்கு அரிசியளவு போதும். திணித்து அடைத்தால் லாக் 'டக்'கென்று விழாது.

பதில் 2:
மாற்றிய பிறகு அளந்து பாருங்கள். ஹெட்லைட் எரியட்டும், மல்டிமீட்டர் டிசி 20 வோல்ட்டில் இருக்கட்டும். ஒரே வயரில் கப்ளருக்கு முன்னே மீட்டரின் ஒரு முனை (புரோப்), பின்னே ஒன்று. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை. எர்த் வயரையும் இப்படியே பாருங்கள், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

புரோப்பை வயரின் உறையில் குத்தாதீர்கள், கப்ளரின் பின்பக்கமாக நுழையுங்கள். குத்திய துளை வழியே புகும் நீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல செம்பு இழைகளுக்குள் நகர்ந்து அடுத்த கப்ளர்வரை போகும். கப்ளருக்கு வரும் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், வழியும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றவேண்டாம், உள்ளே புகுந்த ஈரம் வெளியேறாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் எல்லாக் கப்ளரிலும் இந்தக் கிரீஸை வைத்துவிடவா?

பதில் 1:
புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் கப்ளரை மட்டும் விட்டுவிடுங்கள். பல சென்சார்களுக்கு ஒப்பிடுவதற்கான வெளிக்காற்று வயர் இழைகளின் வழியாகத்தான் போகிறது. கிரீஸ் அதை அடைத்தால் ரீடிங் தவறும். சிலிக்கான் ஆவி பட்டாலும் சென்சார் கெடும்.