உடுப்புத் தோய்ச்ச தண்ணியைப் பின்வளவுக்கு விடலாமோ? அவசரம்

கோண்டாவில் பிள்ளை: வணக்கம் அண்ணாமார், அக்காமார். நாங்கள் இஞ்ச வந்து கொஞ்ச நாள்தான். தண்ணி பில்லைப் பார்த்துப் பயந்து, மெசின் தண்ணியைப் பின்வளவில நிக்கிற வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விட்டனான். ஊரில கிணத்தடித் தண்ணி வாய்க்காலால வாழைப்பாத்திக்குத்தானே போகும். இப்ப பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு குடுத்து, ஏஜென்டிட்டை இருந்து இமெயில் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணுமாம். தண்டம் அடிப்பினமோ? வீட்டை விட்டு எழுப்புவினமோ? இவர் இரவு வேலை, இன்னும் சொல்லேல்லை. ஆராவது சொல்லுங்கோ.

சுன்னாகம் அண்ணை: தங்கச்சி, பில் கூட வந்தால் முதல் ரொய்லட் தொட்டி ஒழுகுதோ எண்டு பாருங்கோ. தொட்டிக்குள்ள சாப்பாட்டுக் கலர் கொஞ்சம் விட்டிட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் கொஞ்ச நேரம் விடுங்கோ. கீழ கோப்பையில கலர் இறங்கினால் ரப்பர் வாஷர் பழுதாப் போட்டுது. எங்கட முதல் வீட்டில அதாலதான் அவ்வளவு காசும் போனது.

ஸ்காபரோ மாமா: முதல் வருசம் எல்லாருக்கும் கஷ்டம்தான் பிள்ளை. நாங்கள் பேஸ்மென்டில இருக்கேக்க குழாய் உறைஞ்சு, பனியில பக்கத்து வீட்டில வாளியோட நிண்டனாங்கள். குழந்தைக்குப் பால் கரைக்கவும் தண்ணி இல்லை. இதுக்கெல்லாம் யோசிக்காதேங்கோ. சும்மா ஊத்துங்கோ, ஒருத்தரும் வரமாட்டினம்.

சிட்னி வேலணையான்: மாமா, அப்பிடிச் சொல்லிக் குடுக்காதேங்கோ. இஞ்ச நியூ சவுத் வேல்ஸில வாளியால ஊத்த அனுமதி தேவையில்லை. குழாய் போட்டுத் திருப்பினால் கதை வேற: அங்கீகரிச்ச கருவி, லைசென்ஸ் உள்ள பிளம்பர் வேணும், தண்ணியும் மண்ணுக்குக் கீழதான் போகவேணும்.

இணுவில் வாத்தியார்: நான் யாழ்ப்பாணத்தில, ஊரில இருந்து எழுதுறன். உங்களுக்கெண்டாலும் கேக்கிறதுக்கு ஒரு சட்டம் கிடக்கு. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். கிணத்தடியில விடுற சவர்க்காரத் தண்ணி அயல் கிணத்துக்குப் போகாதெண்டு ஆர் சொல்லுவினம்? சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்ததை மறந்திட்டமே? வருசம் முழுக்க ஓடுற ஆறில்லாத குடாநாடு இது. 2024இல தலையடியில கடல்தண்ணியை நன்னீராக்கத் தொடங்கியாச்சு. மாரி மழை மட்டும் இப்பவும் சும்மா கடலுக்கு ஓடுது.

சுன்னாகம் அண்ணை: உண்மை வாத்தியார். எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியைப் பிறகு குடிக்கவே மனம் வரேல்லை.

மெல்பேர்ண் அக்கா: எல்லாரும் பொறுங்கோ, பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வருது. எந்த நாடு, எந்த மாநிலம்? வாடகை வீடோ? குழாயைக் கழட்டினனீங்களோ? தண்ணியைச் சேர்த்து வைச்சனீங்களோ?

கோண்டாவில் பிள்ளை: மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. மெல்பேர்ண்தான், வாடகை வீடு. மெசின்ர வெளிக்குழாயை இழுத்து ஒரு பீப்பாவுக்குள்ள விட்டனான். பீப்பா நிரம்பினாப் பிறகுதான் செடிக்கு ஊத்துறது. வேலிக்குக் கீழால அங்கால வழிஞ்சு, மணக்குதெண்டுதான் முறைப்பாடு.

மெல்பேர்ண் அக்கா: அதுதான் விசயம். உங்கட விக்டோரியா மாநிலத்தில உடுப்புத் தண்ணியைச் செடிக்கு விடுறது குற்றமில்லை. ஆனா சுத்திகரிக்காத தண்ணியை 24 மணித்தியாலத்துக்கு மேல வைக்கக்கூடாது, வளவுக்கு வெளியால போகவும் கூடாது. பீப்பாவில கிடந்தால் கிருமி பெருகி நாறும்.

இண்டைக்கே குழாயைப் பழையபடி வடிகாலில மாட்டுங்கோ, பீப்பாவையும் கழுவிக் கவிழ்த்து வையுங்கோ. ரெண்டையும் படமெடுத்து, "சரிசெய்திட்டம், இனிச் சேர்த்து வைக்கமாட்டம்" எண்டு ஏஜென்டுக்கு எழுதுங்கோ. கணவருக்கும் இண்டைக்கே சொல்லுங்கோ, பிறகு தெரிஞ்சால்தான் பதறுவார். நிரந்தரமாக் குழாய் போடுறதெண்டால் வீட்டுக்காரர்ர சம்மதமும் பிளம்பரும் வேணும். சுத்திகரிப்புத் தொகுதி எண்டால் கவுன்சில் பேர்மிட்டும் எடுக்கவேணும்.

வாளியால ஊத்தலாம்: கடைசியா அலசுற தண்ணி மட்டும், அண்டைக்கண்டைக்கு, மழை நாளில வேண்டாம். பவுடரில சோடியம் கூட, மண் இறுகிப்போகும். சோடியம், பொஸ்பரஸ் குறைஞ்ச திரவமாப் பார்த்து வாங்குங்கோ. குசினித் தண்ணியில எண்ணெய், பிள்ளையின்ர நப்பி தோய்ச்சதில கிருமி, ரெண்டும் வேண்டாம். பச்சையாச் சாப்பிடுற கீரை, வல்லாரைக்கும் விடாதேங்கோ. குளிக்கேக்க சுடுதண்ணி வரும்வரைக்கும் ஓடுறது நல்ல தண்ணி. அதை வாளியில பிடிச்சுக் கறிவேப்பிலைக்கு ஊத்துங்கோ.

குழாய்த் தண்ணிக்கும் சட்டம் இருக்கு. கையில பிடிக்கிற ஹோஸுக்கு விசைமூடி, அதாவது அமத்தினால் மட்டும் தண்ணி வாற முனை, கட்டாயம். தானா இறைக்கிற ஸ்பிரிங்லர் பின்னேரம் 6 மணியில இருந்து காலமை 10 மணி வரைக்கும்தான். சீமெந்து முத்தத்தை ஹோஸ் பிடிச்சுக் கழுவக்கூடாது.

கோண்டாவில் பிள்ளை: குழாயை மாட்டிட்டன் அக்கா. இமெயிலை எழுதிப்போட்டு இஞ்ச போடுறன், அனுப்ப முதல் ஒருக்காப் பாருங்கோ.