"2030-க்குள் அயர்லாந்து ஒன்றாகிவிடும்": இது யார் கொடுத்த கணக்கு?

லாகன்கரை:
நேற்று ஐரோப்பிய அரசியல் இழையில் கார்க் குமரன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்டுகள் 43.5 சதவீதம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே தீர்ப்பை எழுதிவிட்டது. 2030-க்குள் வாக்கெடுப்பு, அப்புறம் ஒரே அயர்லாந்து." வடக்கு பிரிட்டனிலும் தெற்கு தனி நாடாகவும் இருக்கும் நூறு வருடப் பிரிவினையை நாலு வரியில் முடித்துவிட்டார். கத்தோலிக்கர் என்றாலே ஒன்றிணைப்பு, புராட்டஸ்டண்ட் என்றாலே பிரிட்டன் என்று வைத்துக்கொண்ட கணக்கு. கீழே வரிசையாகப் பாராட்டு வேறு. பெல்ஃபாஸ்டில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து இங்கேயே இருக்கிறவன் கேட்கிறேன்: 45.7 என்பது மதம் பற்றிய கேள்விக்கு வந்த பதில். "அயர்லாந்தோடு சேர விருப்பமா?" என்று அந்தப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை. இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் எதிர்காலத்தை எப்படி எழுதுகிறீர்கள்?

கார்க் குமரன்:
வாங்க ஐயா. தனி இழையே போட்டுவிட்டீர்கள், நல்லது. 1921-ல் வட அயர்லாந்து என்று ஆறு மாவட்டங்களைப் பிரித்தெடுத்ததே எந்தக் கணக்கை வைத்து? மதக் கணக்கை வைத்துத்தானே? வடக்கு மாகாணமான அல்ஸ்டரில் ஒன்பது மாவட்டங்கள். டொனிகால், கேவன், மொனஹன் மூன்றையும் சேர்த்தால் புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை உறுதியாக நிற்காது என்று வெட்டிவிட்டார்கள். ஃபெர்மனா, டிரோன் இரண்டிலும் பெரும்பான்மை ஒரே அயர்லாந்து கேட்கும் தேசியவாதிகள், அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த எல்லையைத் தலையெண்ணித்தான் போட்டார்கள். இப்போது தலைகள் மாறியதும் "மதம் வேறு, விருப்பம் வேறு" என்கிறீர்கள். 45.7, 43.5 இரண்டையும் மறுபடி பாருங்கள்.

லாகன்கரை:
பார்த்துவிட்டேன் தம்பி. நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். 45.7 என்பது இப்போது கத்தோலிக்கராக இருப்பவர்களும், கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டுப் பிறகு விலகியவர்களும் சேர்ந்த எண். "இப்போது என்ன மதம்?" என்றால் கத்தோலிக்கர் 42.3. எந்த மதமும் இல்லை என்றவர்கள் 17.4. அடையாளக் கேள்விக்கு வாருங்கள். பிரிட்டிஷ் மட்டும் என்றவர்கள் 31.9, ஐரிஷ் மட்டும் என்றவர்கள் 29.1, வட அயர்லாந்துக்காரர் மட்டும் என்றவர்கள் 19.8. உங்கள் 45.7 எங்கே, இந்த 29.1 எங்கே?

பெயரிலி:
1973-ல் ஒரு வாக்கெடுப்பு நடந்ததே. 98.9 சதவீதம் பிரிட்டனோடு இருக்கிறோம் என்றார்கள். அதோடு முடிந்த விஷயம் இது.

கார்க் குமரன்:
பெயரிலி, பாதியைத் தெரிந்துகொண்டு வராதீர்கள். அந்த வாக்கெடுப்பைத் தேசியவாதிகள் புறக்கணித்தார்கள். வாக்குப்பதிவே 58.7 சதவீதம்தான். ஒரு தரப்பு வீட்டிலேயே இருந்துவிட்ட தேர்தலை வைத்து இன்னும் எத்தனை காலம் பேசுவீர்கள்?

ஐயா, உங்களுக்கு: 2017-ல் வட அயர்லாந்தின் ஸ்டோர்மாண்ட் சட்டமன்றத்தில், பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஒன்றியவாதிகள் பெரும்பான்மையை இழந்தார்கள். 2019-ல் லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டருக்கு இங்கிருந்து போன எம்பிக்களில் முதல் முறையாகத் தேசியவாதிகள் அதிகம். 2022-ல் தேசியவாதக் கட்சியான ஷின் ஃபேன் 27 இடங்களோடு முதல் கட்சி, ஒன்றியவாதிகளின் டியூபி 25. 2024 பிப்ரவரியில் மிஷெல் ஓ'நீல் முதலமைச்சர். கத்தோலிக்கர்கள் என்றும் சிறுபான்மையாகவே இருக்கும்படி செதுக்கிய இடத்தில் ஷின் ஃபேன் துணைத் தலைவி முதலமைச்சர்! இதில் ஒவ்வொன்றையும் நடக்காது என்று இதே தளத்தில் எழுதியவர் நீங்கள்.

லாகன்கரை:
ஓ'நீல் முதலமைச்சர் ஆகமாட்டார் என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துப் போடுங்கள். 2019-ல் "பிரெக்ஸிட்டால் எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி எழும், எல்லை ஊரான நியூரியில் ராணுவம் நிற்கும்" என்று பக்கம் பக்கமாக எழுதியது யார்? நியூரியைத் தாண்டித் தெற்கே டண்டாக் போய்ப் பாருங்கள், சாலையில் ஒரு கம்பம்கூட இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். 1998 சட்டமன்றத் தேர்தலில் இன்னொரு தேசியவாதக் கட்சியான எஸ்டிஎல்பி 22.0, ஷின் ஃபேன் 17.6. கூட்டினால் 39.6. 2022-ல் ஷின் ஃபேன் 29.0, எஸ்டிஎல்பி 9.1. கூட்டினால் 38.1. கால் நூற்றாண்டில் கத்தோலிக்க மக்கள்தொகை ஏறியது, ஆனால் அந்த இரண்டு கட்சிகளின் வாக்கு ஏறவில்லை. உங்கள் 45.7 வாக்குப்பெட்டிக்குள் போகும்போது எங்கே காணாமல் போகிறது? இதற்குப் பதில் சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

கார்க் குமரன்:
ஒன்றியவாதிகளின் கணக்கை மட்டும் சொல்லாமல் விடுகிறீர்களே! 1998-ல் ஏறக்குறைய பாதி அவர்கள் கையில் இருந்தது. 2022-ல் டியூபி 21.3, யுயுபி 11.2, டியூவி 7.6. மொத்தம் 40.1. எங்கள் பக்கம் நின்ற இடத்தில் நிற்கிறது, உங்கள் பக்கம் சரிகிறது. சாவடி வரவில்லையா? பிரிட்டனிலிருந்து வரும் சரக்குக்கு இங்கே லார்ன் துறைமுகத்தில் வந்தது. பிரெக்ஸிட்டில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருக்கிறோம் என்று வாக்களித்த ஊரை இழுத்துக்கொண்டு வெளியேறி, கடலுக்கு நடுவே கோடு போட்டார்கள்.

லாகன்கரை:
"உங்கள் பக்கம்" என்று என்னைச் சேர்க்காதீர்கள். நான் டியூபிக்கு ஒரு முறைகூட வாக்களித்தவன் இல்லை. அவர்களை விட்டு வந்த வாக்கு உங்களிடமா வந்தது? 1998-ல் 6.5 இருந்த அலையன்ஸ் 2022-ல் 13.5. இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம், மருத்துவமனையும் பள்ளியும் ஒழுங்காக நடந்தால் போதும் என்பவர்கள் அவர்கள். முடிவு அவர்கள் கையில். அவர்களைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு சொல் இல்லை. 45.7 மட்டும் இருக்கிறது.

மலர்விழி டெரி:
அண்ணாமார்களே, கொஞ்சம் என் கேள்வியையும் பாருங்கள். நான் டெரியில் செவிலியராக வேலை பார்க்கிறேன். எங்கள் வார்டில் ஐரிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களே "அந்தப் பக்கம் போனால் டாக்டரைப் பார்க்க 50, 60 யூரோ கொடுக்க வேண்டுமே" என்று தயங்குகிறார்கள். ஒன்றானால் எங்கள் இலவச அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் என்ன ஆகும்? எங்கள் ஓய்வூதியத்தை யார் கொடுப்பார்கள்? கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று யாரும் இங்கே பேசிக்கொள்வதில்லை.

கார்க் குமரன்:
தங்கச்சி, உங்கள் என்ஹெச்எஸ்ஸில் காத்திருப்போர் பட்டியல் பிரிட்டனிலேயே மோசமானது. இலவசம்தான், அறுவை சிகிச்சைக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே தெற்கில் மருத்துவ அட்டை உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் டாக்டர் கட்டணமே கிடையாது.

மலர்விழி டெரி:
பட்டியல் எவ்வளவு நீளம் என்று எனக்கே பாடம் எடுக்கிறீர்களா? தினமும் அந்த நோயாளிகளின் முகத்தைப் பார்க்கிறவள் நான். அட்டை கிடைக்காத நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்? அதைச் சொல்லுங்கள். ஓய்வூதியக் கேள்வி அப்படியே நிற்கிறது.

லாகன்கரை:
அவருக்குப் பதில் தெரியாது அம்மா. பொருளாதார ஆய்வாளர்கள் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டும் எட்கர் மோர்கன்ராத்தும் 2024-ல் கணக்குப் போட்டு, வடக்கைச் சேர்த்துக்கொள்ள டப்ளினுக்கு ஆண்டுக்கு 8 முதல் 20 பில்லியன் யூரோ வரை ஆகும் என்றார்கள். கார்க்கில் வரி கட்டுகிறவர் அதைச் சொல்லமாட்டார். 45.7 சொல்வார்.

கார்க் குமரன்:
அந்த ஆய்வை டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தின் ஜான் டாயில் மறுத்திருக்கிறாரே, அது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? பிரிட்டனின் கடனுக்கும் ராணுவச் செலவுக்கும் வட அயர்லாந்தின் பங்கு என்று எழுதி வைத்திருக்கும் தொகையை டப்ளின் ஏன் சுமக்க வேண்டும்? ஓய்வூதியத்துக்காக இத்தனை வருடம் லண்டனுக்குக் கட்டிய பணம் எங்கே போகும்? அதெல்லாம் பேச்சுவார்த்தையில் தீர்க்க வேண்டியது. மலர்விழி, உங்களுக்கும் அதுதான் பதில்.

மலர்விழி டெரி:
"பேச்சுவார்த்தையில் தீரும்" என்பதை நம்பி எப்படி வாக்களிப்பது? பிரெக்ஸிட்டுக்கும் அதையேதான் சொன்னார்கள்.

சட்டப்பித்தன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மதம், பணம் எல்லாம் பேசினீர்கள், வாக்கெடுப்பை யார் அறிவிப்பது என்று யாரும் பேசவில்லை. 1998 வட அயர்லாந்துச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி அது லண்டனில் இருக்கும் வட அயர்லாந்து அமைச்சரின் கையில் இருக்கிறது. வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை பிரிட்டனைவிட்டு விலகி ஒன்றான அயர்லாந்தில் சேர விரும்புவார்கள் என்று அவருக்குத் தோன்றினால் அவர் நடத்தியே ஆக வேண்டும். எதை வைத்துத் தோன்ற வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அதற்கு ஒரு கொள்கையை வெளியிட வேண்டும் என்று தொடர்ந்த வழக்கை பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் 2018-ல் தள்ளியது, 2020-ல் மேல்முறையீடும் தோற்றது. ஒரு முறை நடத்தினால் அடுத்ததற்கு ஏழு வருடம் பொறுக்க வேண்டும். தெற்கிலும் மக்கள் ஒப்புதல் வேண்டும், அது அயர்லாந்து அரசியல் சாசனத்தின் 3-ஆவது பிரிவு.

லாகன்கரை:
பார்த்தீர்களா? அமைச்சர் ஹிலரி பென்னின் மேசையில் 45.7 என்று ஒரு தாளை வைத்தால் அவருக்குத் தோன்றிவிடுமா? ஐரிஷ் டைம்ஸ் வெளியிட்ட கருத்துக்கணிப்புகளில் வடக்கில் ஒன்றிணைப்புக்கு ஆதரவு 2022-ல் 27 சதவீதம், 2024-ல் 34 சதவீதம். எதிர்ப்பு பாதியை ஒட்டியே நிற்கிறது.

கார்க் குமரன்:
இரண்டு வருடத்தில் ஏழு புள்ளி ஏறியிருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி ஐயா.

லாகன்கரை:
34 எப்போதிருந்து பெரும்பான்மை ஆனது? வென்றாலும் மறுநாள் என்ன செய்வீர்கள்? பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டண்டுகளின் ஷாங்கில் சாலைக்கும் கத்தோலிக்கர்களின் ஃபால்ஸ் சாலைக்கும் நடுவே நிற்கும் சுவரின் கதவுகளை இன்றும் இரவில் பூட்டுகிறார்கள். அந்த ஊரில் ஐம்பதுக்கு மேல் ஒரு வாக்கு வந்தால் நாடு மாறிவிடும் என்பது பொறுப்பான பேச்சா? ஒன்றிணைப்புக்காகவே வாழ்ந்த எஸ்டிஎல்பியின் ஷேமஸ் மாலன்கூட, ஒன்றியவாதிகளில் கணிசமானவர்கள் ஏற்றுக்கொள்ளும்வரை பொறுக்க வேண்டும் என்று சாவதற்கு முன் சொல்லிவிட்டுப் போனார். உங்களைவிடவா அவருக்கு அந்த மண்ணைத் தெரியாது?

கார்க் குமரன்:
மாலன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 1998 ஏப்ரல் 10 சமாதான ஒப்பந்தத்தில் இருப்பது பெரும்பான்மை, அவ்வளவுதான். அந்த ஒப்பந்தத்துக்கு வடக்கில் 71 சதவீதமும் தெற்கில் 94 சதவீதமும் ஆதரவு தந்தார்கள். பிரிட்டனோடு இருப்பதற்கு ஐம்பதும் ஒன்றும் போதும், பிரிவதற்கு மட்டும் அறுபது, எழுபது வேண்டுமா? தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் விதியை மாற்றுவது நியாயமே இல்லை. அப்படியானால் ஒரு தேசியவாதியின் வாக்கு ஒரு ஒன்றியவாதியின் வாக்கைவிட மதிப்பில் குறைந்தது என்றாகிவிடும். ஐம்பது வருடம் ஸ்டோர்மாண்டில் அதைத்தானே செய்தார்கள்! டெரியில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக இருந்தும் நகர மன்றம் அவர்கள் கைக்கு வராதபடி வார்டுகளை வெட்டினார்கள். 1968-ல் மக்கள் தெருவில் இறங்கியது அதனால்தான்.

பெயரிலி:
குமரன், நீங்கள் முதலில் ஐரிஷ் குடியுரிமை வாங்கியாச்சா? தெற்கில் பொது வாக்கெடுப்பு என்றால் குடிமக்கள் மட்டும்தான் வாக்களிக்க முடியும்.

கார்க் குமரன்:
என் பாஸ்போர்ட் என்ன நிறம் என்று பெயர்கூடப் போடாத உங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

மலர்விழி டெரி:
எனக்கு இந்தியப் பாஸ்போர்ட். பிரெக்ஸிட்டில் இங்கிருக்கும் இந்தியர்கள் வாக்களித்தார்கள். இதில் எங்களுக்கு வாக்கு உண்டா?

சட்டப்பித்தன்:
வாக்கெடுப்பை அறிவிக்கும் ஆணையில்தான் யார் வாக்களிக்கலாம் என்று எழுதுவார்கள் சகோதரி. 1998 சட்டம் அதை முன்கூட்டியே வகுக்கவில்லை.

லாகன்கரை:
அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் குமரன். இங்கே வந்து குடியேறிய மலையாளி, தமிழ், பிலிப்பைன்ஸ் செவிலியர்களில் எத்தனை பேர் கத்தோலிக்கர்! அவர்களும் உங்கள் 45.7-க்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஷின் ஃபேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களா?

மலர்விழி டெரி:
ஐயா, நான் கத்தோலிக்கப் பெண்தான். யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்னை வைத்து வாதம் செய்ய வேண்டாம்.

லாகன்கரை:
நான் உங்களுக்காகத்தான் பேசுகிறேன் அம்மா.

கார்க் குமரன்:
யாரும் கேட்காமலே எல்லோருக்காகவும் பேசுவது உங்கள் பழக்கம். ஸ்காட்லாந்து இழையிலும் இதையே செய்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களின் மன்றம் 2017 ஏப்ரலில் சொன்னதையாவது படியுங்கள்: ஒன்றிணைந்தால் முழு அயர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும், வடக்கு தனியாக மனுப் போட வேண்டியதில்லை. 1990-ல் கிழக்கு ஜெர்மனி வந்த வழி அது. பாதை திறந்தே இருக்கிறது.

லாகன்கரை:
ஜெர்மனியில் இரண்டு பக்கமும் சேர விரும்பினார்கள். இங்கே பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். ஸ்காட்லாந்து இழையை இங்கே இழுக்காதீர்கள், அதில் என் பதிவுகளை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். 39.6 ஏன் 38.1 ஆனது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கார்க் குமரன்:
பாதி ஏன் 40.1 ஆனது என்று நீங்கள் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன்.

லாகன்கரை:
முதலில் கேட்டவன் நான்.