புதுப்பிப்பு: "அந்தக் கதை மாதிரியே இருக்கிறது" என்ற ஒப்பீடு

ட்வைன் (Twine) என்பது வாசகரே வழியைத் தேர்ந்தெடுக்கும் கிளைக்கதைகளை உருவாக்கும் மென்பொருள். ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும், அதில் எழுதிய என் கதையைப் பிரபலமான வேறொன்றோடு ஒப்பிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன்.

காலச்சுழல் யாருக்கும் சொந்தமல்ல. பதிப்புரிமை எழுதிய விதத்துக்குத்தான், கருவுக்கு இல்லை. ஒப்பீடு பிறப்பது அறிமுகக் குறிப்பிலும் முதல் சில பத்திகளிலும்தான் (ட்வைனில் 'பத்தி' என்பது பெயரிட்ட ஒரு கதைத்துண்டு, passage). எனவே நாயகி அதே நாளில் மீண்டும் கண்விழிக்கும் காட்சியை நீக்கியாயிற்று. கதை மூன்றாம் சுழற்சியில் தொடங்குகிறது, நாயகிக்குப் பதில் எதிராளிக்கே எல்லாம் நினைவிருக்கிறது.

இப்படித் திருத்தும்போது பத்திகளின் பெயர்களை மாற்றவே வேண்டாம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் உள்ள இணைப்புகளை ட்வைன் தானே திருத்தும். ஆனால் வாசகர் ஒரு பத்திக்கு ஏற்கெனவே வந்தாரா என்று சோதிக்கும் நிபந்தனைகளில் மேற்கோளுக்குள் இருக்கும் பெயரை அது தொடாது. பிழைச்செய்தியே இல்லாமல் கதையின் அந்தக் கிளை மூடிக்கொள்ளக்கூடும். ட்வைனின் கதை வடிவங்களில் ஒன்றான சுகர்கியூபில் (SugarCube), வாசகர்கள் பாதியில் சேமித்து வைத்த பழைய சேமிப்புகளும் உடையக்கூடும். பத்திப் பெயர்கள் பெரும்பாலும் வாசகர் கண்ணில் படுவதில்லை, பழைய பெயர்களே இருந்துவிட்டுப் போகட்டும்.