வெற்றிலையும் கடவுளும்: ஒரு நெல்லைச் சீமை வாக்குவாதம்

குருகூரான்:
போன வாரம் திருக்கோளூர் போயிருந்தேன். நம்மாழ்வார் அந்த ஊருக்குப் பாடிய பாசுரத்தில் ஒரு தாய் பேசுகிறாள். உண்ணும் சோறு, பருகும் நீர், தின்னும் வெற்றிலை எல்லாம் கண்ணன் என்று கண்ணீர் விட்ட என் மகள், ஊரை விசாரித்துக்கொண்டு திருக்கோளூருக்குத்தான் போயிருப்பாள் என்கிறாள். 1943இல் நம் புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலும் வெற்றிலை வருகிறது. டிராம் வண்டியா, காப்பியா, வெற்றிலையா என்று பிள்ளை சில்லறைக் கணக்குப் போடும்போது கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வெற்றிலையிலேயே கடவுளைக் கண்ட மண்ணில், அவரை வழி தெரியாத ஆளாக நிறுத்திவிட்டார். இதை நவீனம் என்கிறீர்கள். எனக்கு இது இறக்கமாகத்தான் படுகிறது.

மேலகரம் மாப்பிள்ளை:
அண்ணாச்சி, கடவுளைக் கேலி செய்வது 1943இல் வந்த பழக்கம் இல்லை. உழவர்களைப் பாடும் பழைய நூலான முக்கூடற்பள்ளில் ஒரு பள்ளனுக்கு இரண்டு மனைவி. மூத்தவள் முக்கூடல், பெருமாள் கட்சி. இளையவள் மருதூர், சிவன் கட்சி. சக்களத்திச் சண்டை முற்றியதும் மூத்தவள், ஏற ஒரு வாகனம் இல்லாமல் மாட்டில் திரிகிறவன்தானே உங்கள் ஈசன் என்கிறாள். உடுத்த நாலு முழத் துண்டு இல்லாமல் புலித்தோலைக் கட்டினான் என்றும் சொல்கிறாள். இளையவள் விடுவாளா? உங்கள் ஆள் மரவுரி கட்டியவன்தானே என்று ராமாவதாரத்தை இழுக்கிறாள். வயல் வரப்பில் நடக்கிற ஏச்சு அப்படியே இருக்கும்.

இன்னொன்று. கந்தசாமிப் பிள்ளைக்கு மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கும் மேலகரம். எங்கள் ஊர்க்காரர்கள் கடவுளிடம் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்வார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குருகூரான்:
பள்ளு தெரியும் தம்பி. ஆனால் முடிவைப் பார்க்க வேண்டாமா? அங்கே இரண்டு பெண்களும் சமாதானமாகி இரண்டு சாமியையும் வாழ்த்துகிறார்கள். ஏச்சு கடைசியில் துதியாகிவிடுகிறது. கதையில் கடவுள் என்ன சொல்கிறார்? உங்களிடம் எட்ட நின்று வரம் கொடுக்கலாம், கூட இருந்து வாழ முடியாது என்கிறார். கிளம்பிப் போகிற கடவுளும், ஏச்சு வாங்கிக்கொண்டு கோயிலிலேயே இருக்கிற கடவுளும் ஒன்றா?

மேலகரம் மாப்பிள்ளை:
சரி, அந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவில் அந்தக் குழந்தையை விட்டுவிட்டீர்களே. கந்தசாமிப் பிள்ளையின் மகள், வீட்டுக்கு வந்த கடவுளின் கழுத்துக் கறுப்பைப் பார்த்து நாவல்பழமா என்று விசாரிக்கிறாள். ஆலகால விஷம் அவளுக்கு நாவல்பழமாகத் தெரிகிறது. கடவுளோடு கூட இருந்து வாழ அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் சந்தா கேட்கிற அப்பாவுக்குத்தான். தான் நடத்தும் 'சித்த வைத்திய தீபிகை' பத்திரிகைக்கு ஆயுள் சந்தா 25 ரூபாயைக் கடவுளிடமே வாங்கிவிடுகிறாரே மனுஷன்! இதில் அடி யாருக்கு விழுகிறது? கடவுளுக்கா, நமக்கா?

வில்லடி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இரண்டு பேரும் கடவுளை ஏட்டுக்குள்ளேயே தேடுகிறீர்கள். ஏட்டில் இருக்கும் கடவுள் எழுதுகிறவன் சொன்னபடி கேட்பார். வில்லுப்பாட்டில் அது நடக்காது.

எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில், வில்லுப்பாட்டுக்கு நான் குடம் அடிப்பேன். ஒரு வருஷம் நேரமாகிவிட்டது, விடிவதற்குள் சாமி வேட்டைக்குப் போக வேண்டும். வில்லுப் பாடும் புலவர் சுடலை பிறந்ததைப் பாடினார். பார்வதியின் விளக்குச் சுடரிலிருந்து பிறந்தது வரை ஒழுங்காக வந்தது. அப்புறம் கைலாசத்துச் சுடுகாட்டில் மாடன் பிணம் தின்றதை விட்டுவிட்டு, பூமிக்கு அனுப்பியதற்குத் தாவிவிட்டார். சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த கோமரத்தாடி அப்படியே நின்றார். புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலைக் கையால் பிடித்து, "எதுக்கு முழுங்குத? அதையும் படி" என்றார். கூட்டத்தில் சத்தம் இல்லை. புலவர் வேர்த்துப்போய், விட்ட இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் பாடினார்.

கதாபாத்திரமே எதிரில் நின்று பிழை திருத்துகிற இலக்கியம் இது. இதில் கடவுள் ஏறினாரா இறங்கினாரா என்று எப்படிக் கேட்பது?

குருகூரான்:
திருத்தியது கோமரத்தாடிதானே? அவருக்குக் கதை மனப்பாடமாக இருந்திருக்கும்.

வில்லடி:
இருக்கலாம். புலவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

மேலகரம் மாப்பிள்ளை:
முழுக்கப் பாடி முடித்ததும் சாமி என்ன சொன்னார்?

வில்லடி:
சுருட்டு கேட்டார்.